கடல் வற்றும் நேரம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஐந்து மாதமாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் ஏழு கட்டங்கள். நாள், திதி, சூரியன் உதிக்கும் நேரம், கடல் வற்றும் நேரம், வற்றும் அளவு, நடக்கத் தொடங்கவேண்டிய நேரம், நடந்து முடித்திருக்கவேண்டிய நேரம். எங்கள் ஊர் முட்டத்திலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்த சித்தப்பா, மனைவி பால் எடுக்கப் போனபோது அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன மக்கா, அமெரிக்காவுல இருந்து பஞ்சாங்கம் எழுதுறியா?”

நாற்பது வருடம் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். அவரிடம் கடலைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சம் உண்டு. இருந்தாலும் சொன்னேன். கலிஃபோர்னியாவின் வடக்கே சாலையே போகாத ஒரு கடற்கரை இருக்கிறது. நானும் ஒரு நண்பரும் மூன்று நாள் அதன் ஓரமாகவே நடக்கப்போகிறோம். வழியில் இரண்டு இடங்களில் கடல் மலையின் காலடி வரைக்கும் ஏறிவிடும். வற்றிக் கிடக்கும் நேரம் பார்த்து அந்த இடங்களைத் தாண்டிவிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கணக்கு.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“சரி, கணக்கு தப்பி கடல் வந்துட்டுன்னா எங்க ஏறுவ?”

தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

கலிஃபோர்னியாவுக்கு வந்த நம்மவர்கள் ஒருமுறையாவது நெடுஞ்சாலை 1-இல் காரை ஓட்டியிருப்பார்கள். பிக் சர் பக்கம் பிக்ஸ்பி பாலத்தின் முன்னால் நின்று எடுத்த குடும்பப் படம் பாதி வீடுகளில் சுவரில் தொங்குகிறது. கடலை ஒட்டியே வளைந்து நெளிந்து போகும் அந்தச் சாலை, வடக்கே ராக்போர்ட்டை நெருங்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு மலைக்குள் புகுந்துவிடும். லெகெட் என்ற சிற்றூரில் நெடுஞ்சாலை 101-உடன் சேர்ந்து, அத்தோடு அதன் கதை முடிந்தது. அதற்கு மேல் கரையோரமாகச் சாலை போட மலை இடம் தரவில்லை. சரிவு அத்தனை செங்குத்து, மண் அத்தனை பொலபொலப்பு. நெடுஞ்சாலை கைவிட்ட அந்தக் கரைக்குத்தான் லாஸ்ட் கோஸ்ட் என்று பெயர். தொலைந்த கரை. எனக்கு அந்தப் பெயரில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கரை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, வழி தவறிப் போனது சாலை. மட்டோல், சின்கியோன் மக்கள் காலங்காலமாக இந்தக் கரையில் மீன் பிடித்து, சிப்பி பொறுக்கி வாழ்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தேறிகள் அவர்களைக் கொன்றும் துரத்தியும் தீர்த்தார்கள். அந்தக் குடிகளின் வழிவந்தவர்கள் 1986-இல் ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். 2022-இல் இதன் தெற்கே 523 ஏக்கர் செம்மரக்காடு அவர்கள் கைக்கே திரும்பி வந்தது. அந்தக் காட்டுக்கு அவர்கள் மொழியில் வைத்த பெயருக்கு, மீன் ஏறிவரும் இடம் என்று பொருள்.

நாங்கள் நடக்கப்போவது வடக்குப் பகுதியில், கிங் ரேஞ்ச் என்ற மலைத்தொடரின் காலடியில். 1970-இல் அமெரிக்க அரசு இதைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அந்த வகையில் நாட்டிலேயே இதுதான் முதல். கிங் பீக் என்ற சிகரம் 4,088 அடி. திருவண்ணாமலை மலையைப்போல் ஒன்றரை மடங்கு. அது கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் நிற்கிறது என்றால் சரிவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பசிபிக்கிலிருந்து வரும் மழைமேகம் முதலில் முட்டுவது இந்தச் சுவரில்தான். பின்னால் இருக்கும் ஹனிடியூ என்ற ஊரில் வருட மழை 100 அங்குலத்தை ஒட்டி வரும். அத்தனையும் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அப்போது கணுக்கால் அளவு ஓடைகளெல்லாம் இடுப்பளவு ஏறி இழுக்கும் என்பதால் குளிர்காலப் பயணத்தை முதலிலேயே அடித்துவிட்டோம்.

நிலம் ஏன் இத்தனை கரடுமுரடு என்று தேடியபோதுதான் தெரிந்தது, நாங்கள் போகவிருப்பது ஒரு முச்சந்திக்கு. பசிபிக் தட்டு, வட அமெரிக்கத் தட்டு, கோர்டா தட்டு என்று பூமியின் மேலோட்டில் மூன்று துண்டுகள் மென்டசினோ முனைக்கு அருகே கடலுக்கடியில் முட்டிக்கொள்கின்றன. மூன்றும் ஒன்றையொன்று நெருக்குவதில் கரை மேலே எழும்பிக்கொண்டே இருக்கிறது. 1992 ஏப்ரல் 25 அன்று 7.2 அளவில் ஒரு நிலநடுக்கம். சில நொடிகளில் இந்தக் கரையின் ஒரு பகுதி நாலரை அடி வரை உயர்ந்துவிட்டது. கடலடிப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருந்த சிப்பிகளும் பாசியும் அலை எட்டாத உயரத்துக்குப் போய், வெயிலில் காய்ந்து, அந்தப் பக்கம் முழுக்க அழுகல் நாற்றம் அடித்ததாம். முச்சந்தியில் நிற்காதே என்று ஆச்சி சொன்னதில் விஷயம் இல்லாமலில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம்.

வடக்கே மட்டோல் ஆற்று முகத்திலிருந்து தெற்கே ஷெல்டர் கோவ் ஊரின் கருமணல் கடற்கரை வரை சுமார் 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்காகத்தான் எல்லாரும் நடக்கிறார்கள். கோடையில் இங்கே வடமேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும், அது முதுகில் பட்டால் தள்ளிவிடும், முகத்தில் பட்டால் மணலைத் தின்னக் கொடுக்கும். இதைச் சித்தப்பாவுக்கு விளக்கவேண்டி இருக்கவில்லை. முதல் சிக்கலான பகுதி தொடக்கத்திலிருந்து நாலரை மைலில், ஸீ லயன் கல்ச் என்ற பிளவில் தொடங்கி ராண்டல் ஓடை வரை. இரண்டாவது, மில்லர் ஃபிளாட்டுக்குத் தெற்கேயிருந்து கிட்செல் ஓடை வரை. இரண்டுமே நான்கு மைல் நீளம். ஒரு பக்கம் செங்குத்தான சரிவு, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு வரப்பு. கடல் ஏறினால் அந்த வரப்பும் இல்லை. கடல்மட்டம் மூன்று அடிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் இங்கே கால் வைக்கலாம் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் விதி.

முட்டத்துக்காரனுக்கு இந்தக் கணக்கு முதலில் பிடிபடவில்லை. எங்கள் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று அடிதான். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் கொஞ்சம் பெருத்திருக்கும், அவ்வளவே. நாங்கள் அளந்தது அலையையும் காற்றையும் நீவாடு என்கிற நீரோட்டத்தையும்தான், மட்டத்தையல்ல. இங்கேயோ ஒரே நாளில் ஏழெட்டு அடி ஏறி இறங்குகிறது. அதுவும் ஒழுங்காக இல்லை. ஒரு நாளில் இரண்டு முறை வற்றும், ஆனால் இரண்டு வற்றமும் சமமல்ல. நிலா பூமியின் நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாகச் சாய்ந்து போவதால் ஒன்று ஆழமாக வற்றும், மற்றது பேருக்கு வற்றும். கோடையில் ஆழமான வற்றம் விடியற்காலையில் வருகிறது. மாலையில் வரும் இரண்டாவது வற்றம் மூன்று அடியை ஒட்டியே நின்றுவிடுகிறது. வற்றம் என்று பெயர் இருக்கிறதே என்று நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அட்டவணையில் மைனஸ் எண்களைப் பார்த்து முதலில் குழம்பினேன். கடலின் மட்டம் எப்படி மைனஸ் ஆகும்? இங்கே சுழியம் என்பது கடலின் தரையல்ல. ஒவ்வொரு நாளின் ஆழமான வற்றத்தையும் வருடக்கணக்கில் எடுத்துச் சராசரி போட்டு, அந்தக் கோட்டைச் சுழியம் என்று வைத்திருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி, அந்தச் சராசரிக்கும் கீழே கடல் போகும். அதுதான் மைனஸ். இது புரிந்த அன்று எனக்கு வருமான வரிப் படிவம் ஒன்றை முதன்முறையாகச் சரியாக நிரப்பிய திருப்தி.

இனி ஒரு மனிதனின் நடையை இதில் பொருத்த வேண்டும். முதுகில் பதினைந்து கிலோ. காலடியில் மணல் என்றால் புதையும், இல்லையென்றால் உருளைக்கல். தேங்காய் அளவிலிருந்து உரல் அளவு வரைக்கும், அதுவும் பாசி பிடித்தது. சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் மூன்று மைல் நடப்பவன் இங்கே ஒரு மைல் நடந்தால் கெட்டிக்காரன். நான்கு மைலுக்கு நான்கு மணி நேரம். விழுந்து எழ, ஷூவுக்குள் போன கல்லைத் தட்ட, இன்னும் ஒரு மணி. ஆக, கடல் மூன்று அடிக்குக் கீழே தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது இருக்கவேண்டும். அந்த ஐந்து மணியும் வெளிச்சத்தில் விழவேண்டும். அமாவாசை அன்றே போனால் ஆழமான வற்றம் இருட்டோடு இருட்டாக வந்துவிடும். ஒரு வாரம் தள்ளிப் போனால் வற்றமே மெலிந்துவிடும். வற்றும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ முக்கால் மணி பின்தள்ளிப் போகிறது. இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஜூன் மாதத்தில் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணியை ஒட்டி வற்றம் வருகிறது. நான்கரை மணிக்கு எழுந்து, கூடாரத்தைச் சுருட்டி, கண் தெரியத் தொடங்கியதும் இறங்கிவிடலாம்.

“மூணாம் பிறைன்னு சொல்லு” என்றார் சித்தப்பா. இரண்டு மாதம் கணினியில் தட்டி நான் கண்டுபிடித்தது.

இதன் மேல் இரண்டு கணக்குகள் உட்காருகின்றன. ஒன்று, அனுமதிச் சீட்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, கோடை நாள்கள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். இன்னொன்று அலுவலக விடுப்பு. ஆக, நிலா ஒரு நாளைச் சொல்லும், அனுமதிச் சீட்டு ஒரு நாளைச் சொல்லும், மேலாளர் ஒரு நாளைச் சொல்வார். மூன்றும் ஒத்துவருகிற நாளைத் தேடுவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். நிலாவின் போக்கை இன்னும் பல வருடத்துக்கு இன்றைக்கே எழுதி வைத்துவிடலாம், அதில் பிசகு வராது. வானிலையோ ஐந்தாறு நாளைக்கு முன்னால்தான் முகம் காட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போன ஏப்ரலில் நாங்கள் விழுந்தோம்.

ஏப்ரலில் அனுமதி கிடைத்துவிட்டதே என்ற ஆசையில் கிளம்பினோம். வற்றம் பொருத்தமாக இருந்தது. வானம் துடைத்த கண்ணாடி. சான் ஃபிரான்சிஸ்கோவைத் தாண்டி 101-இல் நான்கு மணி நேரம் போனால் கார்பர்வில். கடைசியாகப் பெட்ரோலும் சாமானும் வாங்கவேண்டிய ஊர் அது. அங்கிருந்து ஷெல்டர் கோவுக்கு இருபத்துச் சொச்சம் மைல்தான், ஆனால் மலைமேல் ஏறி மறுபக்கம் குப்புற இறங்கும் சாலை. பிரேக் காய்ந்த வாசனையோடு ஊருக்குள் நுழைந்தோம்.

ஷெல்டர் கோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசில்லை. 1960-களில் ஒரு மனைத்தொழில் கூட்டம் இங்கே வந்து, மலைச்சரிவை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளாகக் கோடு போட்டது. ஊர் நடுவே ஒரு விமான ஓடுதளம் அமைத்து, வாங்குபவர்களை விமானத்திலேயே கூட்டிவந்து காட்டினார்கள். வாங்கிய மனையில் பாதிக்கு நிற்கவே இடமில்லை, ஆடுதான் நிற்கும். ஓடுதளம் இன்னும் அப்படியே, கோல்ஃப் புல்வெளிக்கு நடுவே இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் வயலில் வண்ணக் கொடி நட்டு, வேனில் கூட்டிப்போய், பிரியாணி போட்டு மனை விற்பதைப் பார்த்தவனுக்கு அந்த ஓடுதளத்தின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

கருமணல் கடற்கரையில் காரை விட்டுவிட்டோம். அந்தக் கறுப்பு, எங்கள் மணவாளக்குறிச்சிக் கருமணலைப் போன்றதல்ல. அது இல்மனைட், பளபளக்கும். இது மலையிலிருந்து உதிர்ந்த கறுத்த மணற்பாறையும் களிப்பாறையும் அரைபட்ட தூள். நடை முடியும் இடத்தில் காரை விட்டுவிட்டு, தொடங்கும் இடத்துக்கு வேனில் போவதுதான் வழக்கம். நடந்தால் 25 மைல், வேனில் மலையைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். வழியில் பெட்ரோலியா என்று ஓர் ஊர். பெயர் சும்மா வந்ததல்ல, கலிஃபோர்னியாவில் கிணறு தோண்டி எடுத்து முதன்முதலில் விற்பனைக்கு அனுப்பிய எண்ணெய் 1865-இல் இங்கிருந்துதான் போனது. நல்லவேளை, எண்ணெய் சீக்கிரமே வற்றிவிட்டது.

மட்டோல் கரையில் இறங்கியதுமே நண்பர் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டார். வானம் அதே கண்ணாடிதான், காற்றும் இல்லை. ஆனால் கடல் எங்கிருந்தோ யாரோ தள்ளிவிட்டதுபோல் வந்துகொண்டிருந்தது. ஓர் அலை உடைந்து, நீண்ட நேரம் ஒன்றும் இல்லை, பிறகு அதைவிடப் பெரிய ஒன்று. கடலில் மிதக்கும் அளவுமானிகள் அனுப்பும் எண்களை அதற்கு முந்தைய இரவே பார்த்திருந்தோம்: உயரம் பதினான்கு அடி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பதினாறு நொடி. உயரத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டோம், நொடியைக் கவனிக்கவில்லை. எட்டு நொடிக்கு ஒன்று வருவது பக்கத்துக் காற்று கிளப்பும் அலை, கரையில் வந்து பொரிந்து அடங்கிவிடும். பதினாறு நொடி என்றால் அது அலாஸ்கா வளைகுடாவில் நாலு நாள் முன்பு அடித்த புயலின் அலை. ஆயிரம் மைலுக்கும் மேல் ஓடிவந்தும் மூச்சு வாங்காதது. கரையைத் தொட்ட பிறகும் மேலே மேலே ஏறும்.

அட்டவணை சொன்னது சரிதான். அன்று காலை கடல் ஓர் அடிக்கும் கீழே வற்றியிருந்தது. அட்டவணைக்குத் தெரிந்தது நிலாவும் சூரியனும் மட்டுமே. அலை அதன் பொறுப்பல்ல.

இங்கே இதற்கு ஸ்னீக்கர் வேவ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பதுங்கி வரும் அலை. கால் மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டு, உலர்ந்த மணலில் நிற்பவனை வந்து தூக்கிப்போகும். எங்கள் கடற்கரையில் இதற்கு இன்னும் நல்ல பெயர் உண்டு: கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடிக்கும் தொலைதூரப் புயல்கள் கிளப்பும் அலை, குமரிக் கரையில் காற்றே இல்லாத நாளில் ஊருக்குள் வந்து நிற்கும். இப்போது அரசின் கடல்சார் எச்சரிக்கைகளிலும் இந்தச் சொல்லே வருகிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அதுதான். எங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லை. அந்தச் சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன், அமெரிக்க அளவுமானியில் அதையே எண்ணாகப் பார்த்தபோது அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டேன். இதைச் சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

திரும்பிவிடலாம் என்று நண்பர் சொன்னார். அனுமதிச் சீட்டு, வேன் கூலி, விடுப்பு எல்லாம் கண்முன் ஓடின. ஓர் இரவு மட்டும் தங்கி, சிக்கலான பகுதி தொடங்குவதற்கு முன்னாலேயே இருக்கும் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவது என்று ஒத்துக்கொண்டோம். கரையை விட்டு விலகி, மேலே புல் திட்டின் மேலேயே நடந்தோம்.

புன்டா கோர்டா கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. முட்டத்தில் பாறைமேல் நிற்கும் எங்கள் விளக்கத்தின் பக்கத்தில் வைத்தால் இது தண்ணீர்த் தொட்டி. நிற்பது மேட்டில் என்பதால் உயரம் தேவைப்படவில்லை. இது இங்கே வந்ததற்குக் காரணம் ஒரு கப்பல். 1880-இல் கட்டிய கொலம்பியா என்ற பயணிகள் கப்பல் அது. எடிசனின் மின்விளக்குகளை முதன்முதலில் பொருத்திக்கொண்ட கப்பல் என்று பெயர் வாங்கியது. 1907 ஜூலையில் ஓர் இரவு, ஷெல்டர் கோவுக்கு வெளியே மூடுபனியில் மரம் ஏற்றிவந்த சான் பெட்ரோ என்ற இன்னொரு கப்பலோடு மோதி, சில நிமிடங்களில் மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகே இந்தக் கரையில் விளக்குக் கட்டும் வேலை வேகம் பிடித்தது. 1912-இல் ஏற்றினார்கள், 1951-இல் அணைத்துவிட்டார்கள். சாலை இல்லை, மளிகையும் தபாலும் குதிரையில்தான் வரவேண்டும். தப்பு செய்த பணியாளர்களை இங்கேதான் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நம் ஊரில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவதைப்போல. இங்கே தண்ணீருக்கு மட்டும் குறைவில்லை.

விளக்கத்தின் கீழே மணலில் யானைச்சீல்கள், உலர்த்திப் போட்ட மெத்தைகள்போல் கிடந்தன. ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து ஏப்பம் விட்டது. மறுநாள் வந்த வழியே திரும்பினோம்.

அந்த ஏப்ரல் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவற்றில் சில்லறை விஷயங்களும் உண்டு. உணவு முழுவதும் கரடியால் திறக்க முடியாத கெட்டியான உருளை டப்பாவில்தான் வைக்கவேண்டும், இது விருப்பமல்ல, கட்டாயம். பற்பசையும் சோப்பும்கூட அதற்குள்ளேதான், வாசனை வருகிற எதுவும் வெளியே இருக்கக்கூடாது. மூன்று நாள் சாப்பாட்டை ஒரு சின்னக் குடம் அளவில் அடக்குவது என்பது தனிக்கலை. வறுத்த ரவையில் தாளிப்பைக் கலந்து கொண்டுபோனால் வெந்நீர் ஊற்றினாலே உப்புமா. புளியோதரைப் பொடி, கடலை மிட்டாய், வறுத்த கடலை. கருவாடு கொண்டுபோ என்றார் சித்தப்பா. கரடிக்குக் கல்யாண விருந்து வைத்தது மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டோம். பெருங்காயத்துக்கு அந்த டப்பா தாங்குமா என்று மனைவி கேட்டாள். ஏப்ரலில் தாங்கவில்லை, பற்பசையே சாம்பார் மணம் வீசியது.

ஓடைகளில் நீர் தாராளம், வடிகட்டித்தான் குடிக்கவேண்டும். கரையில் ஒதுங்கிய மரக்கட்டைகளுக்குள் விரியன் இனத்துக் கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருக்கும், உட்காருமுன் தட்டிப் பார்க்கவேண்டும். மூன்று மூன்று இலையாகத் தளதளவென்று நிற்கும் பாய்ஸன் ஓக் செடியை உரசினால் இரண்டு வாரம் சொறியவேண்டியதுதான். கைபேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழியே நாலு வார்த்தை அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பிறகு, இந்தக் கரையில் காலைக்கடனை எங்கே கழிப்பது என்பதற்கும் விதி இருக்கிறது. ஏற்றக்கோட்டுக்குக் கீழே, ஈர மணலில் குழி தோண்டி, மூடிவிடவேண்டும், மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும். நம் கடற்கரை ஊர்களில் இதையே செய்கிறார்கள் என்று எத்தனை கட்டுரைகள் திட்டியிருக்கின்றன! இங்கே அரசுக் கையேட்டில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கரை ஒன்றுதான், தலைகளின் எண்ணிக்கைதான் வேறு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லிக்காட்ட ஆசை.

மட்டோல் கரையில் வேன் நின்ற இடத்தில் ஒரு நீலப் பலகை இருந்தது. அலையிலிருந்து மேட்டை நோக்கி ஒரு மனிதன் ஓடும் படம், சுனாமி அபாயப் பகுதி என்ற எழுத்து. வட அமெரிக்கக் கரையோரம் கடலுக்கடியில் நீளும் காஸ்காடியா பிளவின் தென்முனை அந்த முச்சந்தியில்தான் முடிகிறது. 1700 ஜனவரி 26 இரவு அது முழுநீளத்துக்கும் உடைந்தது. இங்கே எழுதிவைக்க ஆளில்லை, ஆனால் ஜப்பான் கரையில் நிலநடுக்கமே இல்லாமல் ஒரு சுனாமி வந்ததை அங்குள்ளவர்கள் குறித்துவைத்திருந்தார்கள். அந்த அனாதைச் சுனாமியின் தாய் இங்கேதான் என்று இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் கணக்குப்போட்டுக் கண்டுபிடித்தார்கள். அந்த நாளைத் துல்லியமாகச் சொல்ல முடிவதும் அந்த ஏடுகளால்தான். தரை நடுங்கினால் எச்சரிக்கை வருமென்று காத்திருக்காதே, உடனே மேலே ஏறு என்பதே பலகையின் செய்தி.

பலகையைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தேன். அதற்குச் சித்தப்பா அப்போது பதில் போடவில்லை. ஃபிரிட்ஜ் தாளைப் பார்த்த அன்றுதான் பேசினார்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அவர் குளச்சலுக்குப் போயிருந்தார். இன்றுவரை அதைப்பற்றி அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார். “கொட்டில்பாட்டுல ஓடாதவன் எவனும் இல்ல மக்கா. எல்லாரும் ஓடத்தான் செஞ்சான். முன்னால ஏவிஎம் கால்வா. பின்னால கடலு. ஓடத் தெரிஞ்சா போதாது, எங்க ஏறணும்னு ஓடதுக்கு முன்ன தெரிஞ்சிருக்கணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உன் தாளுல எப்ப எறங்கணும்னு இருக்கு. எங்க ஏறணும்னு இல்லயே” என்றார்.

அன்றிரவு எட்டாவது கட்டம் போட்டேன்.

அதை நிரப்ப மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நில அளவைத் துறையின் வரைபடத்தில் உயரக்கோடுகள் கடலோரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே தடித்த கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பில் எங்கே சின்ன இளைப்பு இருக்கிறதென்று உருப்பெருக்கி வைத்துத் தேடினோம். முதல் பகுதியின் நடுவில் கூஸ்கி ஓடை. அதன் வாய் வழியே உள்ளே போனால் ஓர் இரவைக் கழிக்கும் அளவுக்கு இடமுண்டு. இரண்டாவது பகுதியில் ஷிப்மன் ஓடை ஒன்று, பக் ஓடை ஒன்று. பக் ஓடையிலிருந்து மலைமேல் ஒரு பாதையே போகிறது, மூவாயிரம் அடிக்கும் மேல் செங்குத்தாக. முதுகில் மூட்டையோடு ஏறினால் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும், ஆனாலும் அது பாதை. தாளை இப்போது திருப்பி எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அரை மைலுக்கும் ஒரு வரி. இங்கே கடல் வந்தால் முன்னால் ஓடுவதா, பின்னால் ஓடுவதா, எத்தனை நிமிடம். ஏப்ரலுக்குப் பிறகு இன்னொரு குறிப்பும் மேலே ஏறியிருக்கிறது: அலை பத்து அடிக்கு மேல், அல்லது இடைவெளி பதினைந்து நொடிக்கு மேல் என்றால் வீட்டை விட்டே கிளம்பக்கூடாது. அனுமதிச் சீட்டு போனால் போகட்டும். இந்த வரம்பை எந்தக் கையேடும் சொல்லவில்லை, நாங்களே எங்கள் பயத்துக்கு ஏற்ப வைத்துக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தாளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக வாசித்தார். ஓடைகளின் பெயர்களைத் தன் வாய்க்கு ஏற்றபடி சொல்லிப் பார்த்துக்கொண்டார். இரண்டு இடங்களில் விரல் நின்றது. கூஸ்கிக்கும் ராண்டலுக்கும் நடுவே ஒரு வரியும், பக் ஓடைக்குத் தெற்கே ஒரு வரியும் வெறுமையாக இருந்தன.

“இது என்ன, எழுத மறந்துட்டியா?”

“இல்ல சித்தப்பா. அங்க ஏற எடம் இல்ல. ரெண்டு எடத்துலயும் அரை மைல். எவ்வளவு தேடியும் இல்ல.”

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பின்னால் கோயில் மணி அடித்தது, யாரோ மீன் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

“அங்க நின்னு படம் எடுக்காத” என்றார்.